கருவிக்கு உரை எழுத ஆள் வேண்டும்

திருவாய்மொழிக்கு எழுந்த உரைகளில் ஐந்தை வைணவ மரபு தலைமேல் வைத்துப் போற்றுகிறது. ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஐந்துக்கும் பெயர் அமைந்தது அளவால். 32 எழுத்து சேர்ந்தது ஒரு கிரந்தம். அந்தக் கணக்கில்தான் படி. ஆறாயிரப்படி என்றால் ஏறத்தாழ 1,92,000 எழுத்து. முப்பத்தாறாயிரப்படி என்றால் 11,52,000. விளக்கப்படும் பாசுரங்கள் அதே 1,102தான்.

ராமாநுஜரின் அனுமதியோடு திருக்குருகைப்பிரான் பிள்ளான் முதலில் ஆறாயிரப்படியைச் செய்தார். பின்னால் திருவரங்கத்தில் நம்பிள்ளை சொல்லச்சொல்லக் கேட்டு வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது ஈடு. கைமாறிக் கைமாறி வந்த அந்த ஈட்டை, படையெடுப்புகளுக்குப் பிறகு ஆழ்வார்திருநகரியை மீண்டும் ஊராக்கிய திருவாய்மொழிப்பிள்ளையிடம் பாடம் கேட்டவர் மணவாள மாமுனிகள். சுருக்கம் போதும் என்பவருக்கு ஒன்று, ஆழ்ந்து போகிறவருக்கு இன்னொன்று. எந்த உரையைப் பிரிக்கும் முன்பும் அது எவ்வளவு பெரியது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஆழ்வார்திருநகரி இருக்கும் தாமிரபரணிக் கரையில் பல நூற்றாண்டாக வழங்கிவரும் இந்தக் கணக்கு, இன்று மென்பொருள் உலகம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஒரு கேள்விக்கு மிக அருகில் வந்து நிற்கிறது. ஏஐ ஏஜென்ட் ஒன்றுக்கு ஒரு மென்பொருள் கருவியை விளக்க வேண்டும். எத்தனை எழுத்தில் விளக்குவது? எதைச் சொல்வது, எதை விடுவது?

பார்க்காமலே பயன்படுத்தும் வாசகர்

ஏஜென்ட் என்பது பேசும் ஏஐயோடு நின்றுவிடுவதில்லை. டிக்கெட் தேடும், கணக்குப் புத்தகத்தில் பதிவு போடும், கோப்பைத் திருத்தும், மின்னஞ்சல் அனுப்பும். இவற்றைச் செய்ய அதன் கையில் கருவிகள் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், உள்ளே கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல். மாடல் இந்த மூன்றையும் படித்து, எந்தக் கருவியை எந்த விவரத்தோடு அழைப்பது என்று முடிவு செய்து எழுதிக் கொடுக்கும். வேறொரு நிரல் அதை இயக்கி, விடையை எழுத்தாகத் திருப்பித் தரும். கருவிக்குள் என்ன நிரல் ஓடுகிறது என்பது பெரும்பாலும் மாடலின் கண்ணில் படுவதே இல்லை. அந்தச் சில வரி விளக்கம்தான் அதற்குத் தெரிந்த கருவி.

2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாடல்களுக்கு இப்படிக் கருவிகளை அழைக்கும் வசதியைத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி, என்ற பொது விதிமுறையை வெளியிட்டது. எந்த மென்பொருளையும் எந்த ஏஜென்ட்டோடும் ஒரே முறையில் இணைப்பதற்கான வழி அது. அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கருவிகளை ஏஜென்ட்டுகளுக்குத் திறக்கத் தொடங்கின. நம் பக்கத்தில் ஜோஹோ 2025 ஜூலையில் ஜியா எல்எல்எம் மாடல்களை அறிவித்தபோது எம்சிபி சர்வரையும் சேர்த்தே அறிவித்தது. அந்த நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று குற்றாலத்தை அடுத்த மத்தளம்பாறையில் இருக்கிறது. குற்றாலத்தில் ஓடும் சிற்றாறு தாமிரபரணியில் வந்து கலக்கிறது.

மென்பொருள் விளக்கக் குறிப்புகள் புதியவை இல்லை. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம் என்று வரிசையாகச் சொல்லி, இந்தக் கட்டளையில் உள்ள பிழைகள் என்று ஒரு பகுதியும் வைத்தார்கள். செய்தவர்களே தங்கள் கருவியின் குறையைத் தங்கள் கையேட்டில் அச்சிட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அந்தக் கையேட்டைப் படித்தவர் மனிதர். குறிப்பில் ஏதோ விட்டுப்போயிருந்தால் அடுத்த சீட்டில் இருப்பவரைக் கேட்பார். போன் போடுவார். சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுவார். ஏஜென்ட்டோ, விட்டுப்போன இடத்தைப் பொருத்தமாகத் தோன்றும் ஊகத்தால் நிரப்பிக்கொண்டு பல நேரம் மேலே போய்விடும். அந்த ஊகம் தவறினாலும் விடை சரளமாகவே வரும். இதனால்தான் மனிதருக்கு எழுதிய பழைய குறிப்பை அப்படியே ஏஜென்ட்டுக்குக் கொடுப்பது ஆபத்து.

95 சென்டிமீட்டர் எந்தத் தேதியில்?

இதை நம் தாமிரபரணியை வைத்தே பார்த்துவிடலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதை மிஞ்சிய மழை ஒரே நாளில் கொட்டியது.

வெள்ளக் காலத்தில் மக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு ஏஜென்ட்டை அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மழை அளவைத் தரும் கருவி ஒன்று, அணை நிலவரம் தரும் கருவி ஒன்று. மழைக் கருவியின் விளக்கம் இப்படி இருக்கிறது: ‘ஊரையும் தேதியையும் கொடுத்தால் மழை அளவைத் தரும்.’ படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்திய வானிலைத் துறையின் வழக்கப்படி ஒரு தேதியின் மழை என்பது அன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்து மழை. காயல்பட்டினத்தின் 95 சென்டிமீட்டர் 18ஆம் தேதிக் கணக்கில் நிற்கிறது. அந்த மழை பெய்த நேரத்தின் பெரும்பகுதியோ 17ஆம் தேதிப் பகலும் இரவும். ‘17ஆம் தேதி எவ்வளவு பெய்தது’ என்று ஒருவர் கேட்டால், விளக்கத்தை நம்பி 17 என்று கொடுக்கும் ஏஜென்ட் அதற்கு முந்தைய நாளின் மழையைச் சொல்லிவிடும்.

அணைக் கருவி இன்னும் சிக்கலானது. அது ‘110’ என்று ஓர் எண்ணைத் தந்தால் என்ன பொருள்? பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி. அங்கே 110 என்றால் இன்னும் 33 அடி இடம் இருக்கிறது. மணிமுத்தாறு 118 அடி. அங்கே அதே 110 என்றால் 8 அடிதான் பாக்கி. சேர்வலாறு 156 அடி. எண் எங்கேயும் எண்தான். கீழே குடியிருப்பவர் மூட்டையைக் கட்ட வேண்டுமா என்பது அணைக்கு அணை மாறுகிறது. போதாததற்கு நீர்மட்டம் அடியில், திறந்துவிடும் தண்ணீர் விநாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில், மழை மில்லிமீட்டரில். அலகைச் சொல்லாத எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு, ஏஜென்ட் தப்பாகப் புரிந்துகொண்டது என்று பிறகு குறை சொல்வதில் நியாயமில்லை.

நான் எழுதினால் மழைக் கருவிக்கு இப்படி எழுதுவேன்:

‘கேட்ட தேதியன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் பதிவான மழை, மில்லிமீட்டரில். 17ஆம் தேதிப் பகலில் பெய்தது வேண்டுமானால் 18ஆம் தேதியைக் கொடுக்கவும். பதிவு வராத நிலையத்துக்கு மதிப்பு வெறுமையாக வரும். அதை மழை இல்லை என்று கொள்ளக்கூடாது. இது பெய்து முடிந்த மழையின் பதிவு. இனி பெய்யப்போகும் மழைக்கு முன்னறிவிப்புக் கருவியை அழைக்கவும்.’

கூடியது நான்கைந்து வாக்கியம். அதில் கடைசி இரண்டும் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. ஒரு கருவி என்ன செய்யும் என்று எழுத எல்லோரும் முன்வருவார்கள். எதைச் செய்யாது, அதற்கு எங்கே போக வேண்டும் என்று எழுதுகிறவர்கள் குறைவு.

பவணந்தியின் பத்துக் குற்றம்

ஒரு நூலில் இருக்கக்கூடாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் எண்ணிவைத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் எல்லாம் அதில் வரும். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த பட்டியல். ஏஜென்ட்டுகளுக்கான கருவி விளக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு அதைத் திரும்பப் படித்தால், எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய அந்தப் பட்டியல் ஒரு தணிக்கைத் தாளாக நிற்கிறது.

அலகைச் சொல்லாமல் விட்டது குன்றக் கூறல். நிரலை மாற்றிவிட்டு விளக்கத்தை மாற்றாமல் விடுவது மாறுகொளக் கூறல். மென்பொருளில் இதைப்போலப் பரவலான நோய் வேறில்லை. ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும் இரண்டு கருவிகளுக்கு ஏறக்குறைய ஒரே பெயரை வைப்பது மயங்க வைத்தல். கருவிக்குள் கொடுக்கும் விவரத்துக்கு வெறுமனே ‘யூசர்’ என்று பெயர் வைத்தால் அது ஆளின் பெயரா, எண்ணா, மின்னஞ்சலா? அதற்குப் பதில் ‘யூசர் ஐடி’ என்று வையுங்கள் என்கிறது 2025 செப்டம்பரில் ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் வெளியிட்ட கருவி எழுதும் வழிகாட்டி.

அதே வழிகாட்டியில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் கிளாட் மாடலுக்கு இணையத்தில் தேடும் கருவியைக் கொடுத்தபோது, அது தேடும் சொற்களோடு தேவையே இல்லாமல் ‘2025’ என்று சேர்த்துக்கொண்டிருந்தது. தேடல் முடிவுகள் கெட்டன. கருவியின் விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள், பழக்கம் நின்றது.

இன்னொன்று அவர்களே 2024 டிசம்பரில் எழுதியது. நிரல்களில் பிழை திருத்தும் ஏஜென்ட் ஒன்று, வேறு கோப்புறைக்குள் போனதும் கோப்பின் பாதையைத் தப்பாகக் கொடுக்க ஆரம்பித்தது. நிற்கும் இடத்திலிருந்து பாதை சொன்னால் போதும் என்று இருந்ததை மாற்றி, எப்போதும் மூலத்திலிருந்து முழுப் பாதையும் சொல்ல வேண்டும் என்று கருவியை அமைத்தார்கள். அந்தத் தவறு போயே போய்விட்டது. அந்த ஏஜென்ட்டைச் சீராக்கியதில், மொத்த அறிவுறுத்தலுக்குச் செலவிட்டதைவிட அதிக நேரம் கருவிகளுக்குத்தான் செலவானது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எஸ்டபிள்யூஇ ஏஜென்ட் ஆய்வும் 2024இல் இதையே காட்டியது. கோப்பை 100 வரி 100 வரியாகக் காட்டுவது, இலக்கணம் பிசகிய திருத்தத்தை ஏற்காமல் காரணத்தோடு திருப்பி அனுப்புவது என்று கருவிகளை மாடலுக்கு ஏற்றபடி வடிவமைத்தார்கள். உண்மையான நிரல் பிழைகளைக் கொண்ட தேர்வில், அதற்கு முன் ஏஜென்ட் இல்லாத முறைகள் எட்டிய 3.8 சதவீதத்திலிருந்து வெற்றி விகிதம் 12.5 சதவீதத்துக்கு உயர்ந்தது. பிழை நேரும்போது கருவி சொல்லும் பதிலும் விளக்கத்தின் ஒரு பகுதி என்பதை அந்த வேலை நன்றாக எடுத்துக்காட்டியது. ‘பிழை எண் 400’ என்று மட்டும் சொன்னால் ஏஜென்ட் அதே தவறைத் திரும்பச் செய்யும். ‘தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுக்கவும்’ என்று சொன்னால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும்.

பாயிரத்தில் இன்னொரு செல்வமும் இருக்கிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதுகிறவர் சொல்ல வேண்டியவை எட்டு: செய்தவர் யார், எந்த வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்கும், பெயர் என்ன, யாப்பு, நுதலிய பொருள், கேட்பதற்கு உரியவர், பயன். இதில் யாப்பு என்பதற்கு, எந்த நூலுக்குப் பின் எந்த நூலைக் கேட்பது என்ற இயைபு என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். ஏஜென்ட்டுக்கு இது உயிர்நாடி. முதலில் நிலையத்தைத் தேடும் கருவி, அது தரும் நிலைய எண்ணை வைத்து மழைக் கருவி என்ற வரிசையைச் சொல்லாவிட்டால், அது நிலைய எண்ணைத் தானே கற்பித்துக்கொள்ளும்.

நன்னூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கர நமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர். அந்த உரையைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவர் பிறந்தது பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரம். உரைக்கே இலக்கணம் வகுத்த நூலுக்கு உரை கண்ட பள்ளத்தாக்கு இது.

எழுத்தை எண்ணி எழுதுவது

இவ்வளவும் சொன்னபின் ஒருவர் கேட்கலாம்: எல்லாவற்றையும் விரிவாக எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. மிகைபடக் கூறலும் குற்றம் என்று பவணந்தி சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது.

ஏஐ மாடல் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக உடைத்துப் படிக்கிறது. ஒரே நேரத்தில் அது கவனத்தில் வைத்துக்கொள்ளும் டோக்கன்களுக்கு வரம்பு உண்டு; ஒவ்வொன்றுக்கும் காசும் உண்டு. 2025 நவம்பரில் ஆந்த்ரோபிக் ஒரு கணக்கைச் சொன்னது. ஐந்து சர்வர்களிலிருந்து 58 கருவிகளை இணைத்தால், அவற்றின் விளக்கத்துக்கு மட்டும் சுமார் 55,000 டோக்கன் போய்விடுகிறது. பயனாளர் இன்னும் வாயே திறக்கவில்லை.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் ஆறாயிரப்படியையும் முப்பத்தாறாயிரப்படியையும் எனக்கு நினைவூட்டியது. எல்லாக் கருவிக்கும் முதலில் பெயரும் ஒரு வரியும் மட்டும். தேவைப்பட்டதைத் தேடி எடுத்த பிறகு அதன் முழு விளக்கம். அதற்கும் மேல் வேண்டியிருந்தால் தனிக் கோப்புகளில் இருக்கும் விரிவு. 2025 அக்டோபரில் வந்த ஸ்கில்ஸ் என்ற அமைப்பு இந்த அடுக்குமுறையில்தான் கட்டப்பட்டிருக்கிறது. நன்னூலும் உரையைக் காண்டிகை, விருத்தி என்று இரண்டாகப் பிரித்துத்தான் வைத்தது. காண்டிகையில் கருத்தும் சொற்பொருளும் எடுத்துக்காட்டும் வந்துவிடும். எடுத்துக்காட்டைச் சுருக்க உரையிலிருந்துகூட நீக்கக்கூடாது என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். விவரங்கள் சிக்கலாக உள்ள கருவிகளுக்கு எடுத்துக்காட்டு அழைப்புகளைச் சேர்த்தபோது, சரியாக அழைக்கும் விகிதம் 72 சதவீதத்திலிருந்து 90 சதவீதமானது என்று ஆந்த்ரோபிக் தன் சொந்தச் சோதனையில் கண்டது.

தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்பது நமக்கே உரிய கேள்வி. டோக்கன் கணக்கில் தமிழ் நீண்ட காலம் தண்டனை அனுபவித்தது. 2024 மே மாதம் ஜிபிடி 4ஓ மாடலை வெளியிட்டபோது, ஒரு மாதிரித் தமிழ்ப் பத்திக்கு முன்பு 116 டோக்கன் ஆனது, இப்போது 35 போதும் என்று ஓப்பன்ஏஐ அறிவித்தது. நிலைமை மாறுகிறது, மாறிக்கொண்டே இருக்கட்டும். ஆனால் எண்ணிப் பார்த்து எழுதும் பயிற்சி எந்த மொழியில் எழுதினாலும் வேண்டும். ஒரு சொல் கூடினால் ஆயிரக்கணக்கான அழைப்புகளில் அது திரும்பத் திரும்பப் படிக்கப்படும். ஒரு சொல் குறைந்தால் ஒரு கிராமத்துக்குத் தப்பான மழை அளவு போகும்.

உரைக்குள் வஞ்சகம்

விளக்கத்தை ஏஜென்ட் நம்புகிறது என்றால், விளக்கத்தை வைத்து அதை ஏமாற்றவும் முடியும். 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதைச் செய்துகாட்டியது. இரண்டு எண்களைக் கூட்டும் சாதாரணக் கருவி. அதன் விளக்கத்துக்குள், பயனாளரின் ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து உடன் அனுப்பு, அதைப் பயனாளரிடம் சொல்லாதே என்று ஒரு குறிப்பு. பயனாளர் திரையில் கூட்டல் மட்டும் தெரியும். ஏஜென்ட்டோ முழு விளக்கத்தையும் படித்து அதன்படி நடந்தது.

ஆகவே யாரோ எழுதிய கருவியை இணைக்கும் முன், அதன் விளக்கத்தை முழுவதுமாக ஒரு மனிதர் படித்துப் பார்ப்பது கட்டாயம். எம்சிபி விதிமுறையில், இந்தக் கருவி படிக்க மட்டும் செய்யும், இது அழிக்கக்கூடியது என்று குறித்துவைக்க இடம் இருக்கிறது. அதையும் எழுதியவர் சொல்லித்தான் நாம் அறிகிறோம். செய்தவர் யார், எந்த வழியில் வந்தது என்று பாயிரம் ஏன் முதலில் கேட்டது என்பது இங்கே விளங்குகிறது.

யார் எழுதுவது?

டாக்குமென்டேஷன் என்ற வேலை பல இடங்களில் கடைசியில் வரும் வேலை. நிரல் முடிந்து, சோதனை முடிந்து, வெளியிடும் நாளுக்கு முந்தைய மாலையில் யார் சும்மா இருக்கிறாரோ அவர் தலையில் விழும். எழுதியவருக்குப் பெயரும் இல்லை, ஊதிய உயர்வில் அதற்குக் கணக்கும் இல்லை. மனிதர்கள் மட்டும் படித்த காலத்தில் அந்தக் குறையைப் படிக்கிறவர்கள் தங்கள் பொறுமையால் ஈடுசெய்தார்கள். இப்போது அந்த எழுத்தே கருவியின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. அதை நிரலுக்குச் சமமாக வைக்க வேண்டும்: சோதிக்க வேண்டும், திருத்த வேண்டும், எழுதியவருக்கு உரிய மதிப்பும் சம்பளமும் தர வேண்டும்.

ஏஐயே நிரலைப் படித்து விளக்கம் எழுதிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதும், நன்றாகவே எழுதும், நிரலில் இருப்பதை. 8.30 மணிக் கணக்கு நிரலில் எங்கேயும் இல்லாவிட்டால் அதற்கு அது எப்படித் தெரியும்? வெறுமையாக வந்த மதிப்புக்கு, மழைமானி வெள்ளத்தில் போய்விட்டது என்றும் பொருள் இருக்கலாம் என்று யார் சொல்வார்கள்? வேலை தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டு, அதை இன்னொருவர் தப்பாகப் படிக்க முடியாதபடி எழுதுகிற ஆள் தேவைப்படுகிறார். நம்பிள்ளை சொன்னதைக் கேட்டுவந்து வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதினாரே, அந்த வேலை.

இதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து உதவித்தொகையோடு பயிற்சி கொடுக்கும் பள்ளியை ஜோஹோ பல ஆண்டுகளாக நடத்துகிறது. தென்காசிப் பக்கமும் அது இருக்கிறது. நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பதைப் போலவே உரை எழுதவும் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று அங்கும், பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் வர வேண்டும் என்பது என் விருப்பம். தமிழ் இலக்கியம் படித்தவருக்கும் கணினி அறிவியல் படித்தவருக்கும் ஒரே வகுப்பில் இடம் போட்டு, நன்னூல் பாயிரத்தையும் எம்சிபி விதிமுறையையும் ஒரே பருவத்தில் வைக்கலாம். காண்டிகைக்கும் விருத்திக்கும் வேறுபாடு தெரிந்த மாணவி, எந்த வரியை முதல் அடுக்கில் வைப்பது, எதைத் தனிக் கோப்புக்கு அனுப்புவது என்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.

அரசுத் தரவுகளிலிருந்து தொடங்குவது நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு அணைகளின் நிலவரமும் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டார மழைக் கணக்கும் ஏஜென்ட்டுகள் படிக்கும் வடிவில் வரப்போகின்றன என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு, நேரம், வெறுமைக்குப் பொருள், எதற்குப் பயன்படாது என்ற நான்கும் அதற்குமுன் எழுதப்பட்டிருக்க வேண்டும். முதல் வரைவை, தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளவெடுத்துக் குறிக்கும் ஊழியரிடம் கேட்டு எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக்காட்டி, தவறு எங்கே என்று கேட்க வேண்டும்.